மந்திரவாதிக்கு ஒரு கடிவாளம்

புணே கராடியில் வார இறுதியில் மேசையைச் சுற்றி அமரும் ஐடி நண்பர்கள் மாயாஜாலக் கதை விளையாட்டொன்றை உருவாக்க நினைத்தால், மந்திரவாதிப் பாத்திரத்துக்கு என்ன முடியாது என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும். 1974-இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டு அப்படித்தான் செய்தது: எழுத்தாளர் ஜாக் வான்ஸின் கதைகளைப் பின்பற்றி, மனனம் செய்த மந்திரம் ஒருமுறை ஏவியதும் மறந்துபோகும் என்று விதி வகுத்தது. நம் மகாபாரதத்திலோ பிரம்மாஸ்திரம் ஒன்றுதான், ஆள்தோறும் எல்லை வேறு. கர்ணனுக்குச் சாபத்தால் வேண்டிய நேரத்தில் அதை ஏவும் மந்திரம் மறந்தது. அசுவத்தாமனுக்கு ஏவத் தெரிந்தது, திரும்பப் பெறத் தெரியவில்லை. அர்ஜுனனுக்கு இரண்டும் கைவந்தன.

கட்டுப்பாடு சுவையைக் கெடுக்காதா என்று கேட்கலாம். ஆனால் எதையும் செய்யவல்ல மந்திரவாதி இருந்தால், பக்கத்தில் அமர்ந்து வாள்வீரனாக ஆடுபவருக்கு என்ன வேலை? ஆகவே சக்திகளைப் பட்டியலிடும் முன் அவற்றின் விலையை எழுதுங்கள்.