டியூசனுக்கு காசு இல்லையா? பாடப்புத்தகத்திலேயே இருக்குது இலவச வகுப்பு!

சென்னை,

பள்ளிக்கூடம் திறந்தாலே பல வீடுகளில் டியூசன் கவலை ஆரம்பித்து விடும். கட்டிட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் பெற்றோரிடம் பிள்ளைகள் கணக்கில் சந்தேகம் கேட்டால், "எனக்கு என்னப்பா தெரியும்" என்பதுதான் பதில். ஆனால் அதே பிள்ளையின் பைக்குள் இலவச உதவி ஒன்று இருக்கிறது. பலர் அதை கவனிப்பதே இல்லை.

கருப்பு கட்டம்

தமிழக அரசு 2018-ம் ஆண்டு முதல் கொண்டு வந்த புதிய பாடப்புத்தகங்களில் பாடத்தோடு கருப்பு-வெள்ளை கட்டம் அச்சாகி இருக்கும். டீக்கடையில் பணம் கட்ட செல்போனை காட்டுகிறோமே, அதே கியூ.ஆர். கோடுதான் இது.

2017-ம் ஆண்டு ஆசிரியர் தினத்தன்று மத்திய அரசு தொடங்கிய 'திக்‌ஷா' செயலியை செல்போனில் ஏற்றி, அந்த கட்டத்தை ஸ்கேன் செய்தால் அந்த பாடத்துக்கான வீடியோ, பயிற்சி கேள்விகள் வரும். காசு கிடையாது. கேமரா சரியில்லை என்றாலும் கவலை வேண்டாம். கட்டத்தின் கீழே உள்ள 6 எழுத்து குறியீட்டை டைப் செய்தாலும் போதும்.

இழுத்துப் பார்க்கலாம்

கணக்கு புத்தகத்தில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பக்கம் வரும். அதில் உள்ள கட்டம் பெரும்பாலும் 'ஜியோஜீப்ரா' என்ற இலவச கணக்கு மென்பொருளுக்கு அழைத்துப் போகும். முக்கோணத்தின் ஒரு முனையை விரலால் இழுத்தால் மூன்று கோணமும் மாறும். ஆனால் எப்படி இழுத்தாலும் மொத்தம் 180 டிகிரிதான். மனப்பாடம் செய்ததை மாணவர்கள் கண்ணால் பார்த்து விடலாம்.

அறிவியலுக்கு 'பெட்' இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பேட்டரி, வயர், பல்பு எல்லாவற்றையும் திரையிலேயே இணைத்து பல்பு எரிகிறதா என்று பார்க்கலாம். ஷாக் அடிக்காது. தமிழிலும் பல சோதனைகள் உண்டு. ஆசிரியர் ஒரு தடவை டவுன்லோடு செய்து வைத்தால், நெட் இல்லாத வகுப்பறையிலும் லேப்டாப்பில் நடத்தலாம்.

ஒரே செல்போன் என்றால்?

வீட்டில் ஒரு செல்போன்தான், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய் விடுவார் என்பதுதான் பல வீட்டு நிலைமை. நெட் கிடைக்கும்போது திக்‌ஷாவில் பாடங்களை டவுன்லோடு செய்து வைத்தால், ராத்திரி நெட் தீர்ந்த பிறகும் பார்க்கலாம். நெட்டே இல்லாத வீடுகளுக்கு, 2019-ம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய கல்வி தொலைக்காட்சி இருக்கிறது.

உஷார்

இவை எதற்கும் கட்டணம் இல்லை. எனவே இதன் பெயரை சொல்லி யாராவது பணம் கேட்டாலோ, ஓ.டி.பி. எண் கேட்டாலோ கொடுக்கக் கூடாது. செயலியை பிளே ஸ்டோரில் இருந்து மட்டுமே ஏற்ற வேண்டும். யாரோ அனுப்பும் லிங்க்கை தொடவே கூடாது.

வீடியோ பாடம் நடத்தும். ஆனால் பிள்ளை எந்த இடத்தில் முழிக்கிறது என்று அதற்கு தெரியாது. அதை கண்டுபிடிக்க ஆசிரியர்தான் வேண்டும். வீட்டில் பார்த்ததில் புரியாததை நோட்டில் எழுதி, மறுநாள் வகுப்பில் கேட்டால்தான் முழுப்பலன் கிடைக்கும்.