தோலைக் காக்கும் உயிருள்ள பூச்சு

பிறந்தது முதலே உடலெங்கும் தோல் சிவந்து செதில்செதிலாக உரியும் நெதர்ட்டன் நோய், ‘ஸ்பிங்க்5’ என்னும் மரபணுவின் இரு பிரதிகளும் பழுதுபடுவதால் வருகிறது. நோயாளியின் முடியை நுண்ணோக்கியில் பார்த்தால் மூங்கில் கணுவைப் போன்ற முடிச்சுகள் தெரியும். அம்மரபணு உருவாக்க வேண்டிய ‘லெக்டி’ என்னும் புரதம், தோல் செல்களின் பிணைப்பை அறுக்கும் நொதிகளைக் கட்டுக்குள் வைப்பதால், அது இல்லாதபோது மேல்தோல் காலத்துக்கு முன்பே உரிந்து, உடலின் நீர் வெளியேறி, கிருமிகள் எளிதில் உள்ளே நுழைகின்றன.

இக்குறையை ஈடுசெய்யும் நோக்கில், அமெரிக்காவின் அசிட்ரா நிறுவனம், மனிதத் தோலில் இயல்பாகவே வாழும் ‘ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ்’ பாக்டீரியாவை லெக்டியின் ஒரு பகுதியைச் சுரக்குமாறு மாற்றியமைத்து, ‘ஏடிஆர்-12’ என்னும் பூச்சாக 2024இல் வயதுவந்த நோயாளிகளிடம் சோதிக்கத் தொடங்கியது. அரண் இழந்த தோலில் உயிருள்ள பாக்டீரியாவைப் பூசுவது பாதுகாப்பானதா என்பதே இத்தகைய தொடக்கநிலைச் சோதனையின் முதன்மைக் கேள்வி.

பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுது வந்தால் மட்டுமே வெளிப்படும் இந்நோய்க்கான வாய்ப்பு நெருங்கிய உறவுத் திருமணங்களில் கூடுகிறது. ஆகவே, மாமன் மகளை மணக்கும் வழக்கம் இன்றும் நீடிக்கும் தமிழ்நாட்டில், எடுத்துக்காட்டாக உத்தமபாளையத்துக் குழந்தை ஒன்றின் ஆறாத செதிலைக் கரப்பான் என்று விட்டுவிடாமல், தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுவது இன்றியமையாதது, ஏனெனில் எந்தப் புதிய சிகிச்சையும் சரியாகக் கண்டறியப்பட்ட நோயாளியையே சென்றடையும்.