உஷார்! பழைய எண்ணூறுக்குக் குதிரை ஏற்றுகிறார்கள்

வீட்டு வாசலில் பழைய மாருதி 800 நிற்கிறதா? ‘பத்துக் குதிரை கூட்டித் தர்றேன் சார், சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துக்கோங்க’ என்று யாராவது சொன்னால், சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். அந்த இன்ஜின் 796 சி.சி., மூன்று சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டே வால்வு. புதிதாக இருந்தபோதே அதன் திறன் 40 குதிரையைத் தொடவில்லை. அதே 796 சி.சி.யில் ஆல்டோவுக்கு 46 குதிரை வரவழைக்க, கம்பெனியே சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்த புது ஹெட்டும், கார்புரேட்டருக்குப் பதில் எம்.பி.எஃப்.ஐ. என்கிற ஃபியூயல் இன்ஜெக்ஷனும் போட வேண்டியிருந்தது. ஜப்பானிய இன்ஜினியர்கள் அவ்வளவு மாற்றியும் பத்துக் குதிரைக்கும் குறைவாகத்தான் கூட்டினார்கள். பட்டறைக்காரர் ஒரு ஃபில்டரையும் ஒரு சைலன்சரையும் மாற்றிப் பத்து கூட்டுவாராம்!

அந்த ஃபில்டரையே எடுத்துக்கொள்வோம். டப்பாவைக் கழற்றி வீசிவிட்டு, கூம்பு வடிவ ஃபில்டரைத் திறந்தபடி மாட்டுகிறார்கள். உறுமல் கூடும், வேகமும் கூடியதுபோல் காதுக்குத் தோன்றும். உண்மையில் அது உறிஞ்சுவது பானெட்டுக்குள் கொதிக்கும் காற்றை. சூடான காற்றில் அடர்த்தி குறைவு, எரிய ஆக்சிஜன் குறைவு, இழுவையும் குறைவு. மலிவு ஃபில்டர் என்றால் நம் ஊர்ப் புழுதியும் சேர்ந்து உள்ளே போய்ச் சிலிண்டர் சுவரை அரத்தால் ராவுவதுபோல் ராவிவிடும். பெரிய குழாய் சைலன்சரும் இதே ரகம். ரேஸ் டிராக்கில் உச்ச வேகத்தில் ஓடும் இன்ஜினுக்கு அது உதவலாம். டவுனில் இரண்டாவது கியரில் ஊர்ந்துபோகும் வண்டியில் இருக்கிற பிக்கப்பும் போகும்.

இவையாவது பணத்தோடு போகும். இன்ஜினையே விழுங்குகிற வேலைகள் இரண்டு உண்டு: ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவி கம்ப்ரஷனை ஏற்றுவது, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கை அட்வான்ஸ் செய்வது. இரண்டுமே பாடப் புத்தகப்படி திறன் கூட்டுகிற வழிதான், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். அளவு மீறினால் பெட்ரோல் தன் முறை வருமுன்பே வெடிக்கும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ‘கிணுகிணு’வென்று சத்தம் கேட்டால் அதுதான் நாக்கிங். புது வண்டியில் சென்சார் அதைக் கேட்டு டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். கார்புரேட்டர் எண்ணூறில் அதைக் கேட்க உங்கள் காது மட்டும்தான் இருக்கிறது. கேட்காமல் ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும், பிஸ்டனில் ரிங் உட்காரும் இடம் உடையும்.

இப்போது இதில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது; அதற்கேற்ப எரிபொருளைக் கூட்ட கார்புரேட்டருக்குத் தெரியாது. கலவை மெலிந்து சூடு ஏறும். அதன்மேல் டைமிங்கையும் முன்னே தள்ளினால் கேட்கவே வேண்டாம். பழைய ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் மெல்ல அரிக்கும். கசிவு விழுவது சூடான இன்ஜின்மேல். மெலிந்த கலவையைச் சரிக்கட்ட, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்கச் சொல்கிற மெக்கானிக்கைத் திட்டிவிடாதீர்கள். ஸ்பார்க் பிளக் முனை வெளுத்திருந்தால் அவர் சொல்வது நியாயம். கரி படிந்து கறுத்திருந்தால் வேண்டாம். கூடுதல் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

பணக்கார வைத்தியம் ஒன்றும் நடக்கிறது: எண்ணூறின் வயிற்றில் எஸ்டீமின் 1,298 சி.சி. இன்ஜினை இறக்குவது. ராலிக்காரர்கள் செய்வார்கள்; அவர்கள் பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் சேர்த்து மாற்றி, உள்ளே இரும்புக் கூண்டும் கட்டுவார்கள். உங்கள் வண்டியிலோ அதே 12 அங்குலச் சக்கரம், பின்னால் அதே டிரம் பிரேக். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் நிறுத்துவதைவிட 110-ல் நிறுத்த, பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சட்டமும் சும்மா விடாது. ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் திருத்தி எழுதப்பட்ட 182ஏ பிரிவின்படி, உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான்.

அப்படியானால் இழுக்காத வண்டியை என்ன செய்வது? முதலில், ஊட்டிக்கு ஏறும்போது இழுவை குறைந்தால் வண்டியைக் குறை சொல்லாதீர்கள். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தியே ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. சமதரையிலும் திணறினால், புதுக் குதிரை வாங்குமுன் தொலைந்த குதிரைகளைத் தேடுங்கள். கடைசி எண்ணூறு தொழிற்சாலையை விட்டு வந்தது 2014-ல்; கார்புரேட்டர் வண்டிகளுக்கு வயது அதைவிட எவ்வளவோ அதிகம். தேய்மானத்தில் போனது நிறைய இருக்கும். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். கிளட்ச் வழுக்கலாம். டாப்பட் இடைவெளி, அடைத்த ஜெட், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தும் பாதிதான் திறக்கும் கேபிள் என்று எத்தனையோ இருக்கிறது. கிளட்ச் தவிர மற்றவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு பெரும்பாலும் குறைவுதான்.

அதன்பிறகு கம்ப்ரஷன் கேஜ் வைத்து மூன்று சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. கேஜ் இல்லை, ‘சத்தத்தை வெச்சே சொல்லிடுவேன்’ என்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

பழைய எண்ணூறு வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. ‘பிக்கப் சும்மா பறக்கும் சார்’ என்று விற்பவர் பெருமை பேசினால் டெஸ்ட் டிரைவுக்கு முன் பானெட்டைத் திறந்து, இன்ஜின் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். பொருந்தவில்லையென்றால் விலையே கேட்காமல் வீட்டுக்குத் திரும்புங்கள்.