அந்தமானுக்குக் கப்பலா, விமானமா?

ராயபுரத்தில் உங்கள் தோழன் ஒருவனின் அக்காளுக்கு அந்தமானில் ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நாளில் சேர வேண்டும். துணிமணி, பாத்திரம், புத்தகங்கள், அம்மா கொடுத்த தையல் எந்திரம் எல்லாம் உடன் போக வேண்டும். சென்னைத் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. விமானம் ஏறவோ மீனம்பாக்கம் போக வேண்டும். எதில் போவது?

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (2024இல் இதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது) கடல் வழியே சுமார் 1370 கிலோமீட்டர். கப்பலுக்கு ஏறக்குறைய 60 மணி நேரம் பிடிக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்குச் சுமார் 23 கிலோமீட்டர்தான்! வேகமாக மிதிக்கும் சைக்கிள்காரர் கப்பலோடு போட்டி போடலாம். விமானமோ இரண்டேகால் மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது.

கப்பலுக்கு ஏன் இத்தனை நிதானம்? தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. கப்பலின் வேகத்தை இரட்டித்தால் நீரின் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். நான்கு மடங்குத் தடையை இரு மடங்கு வேகத்தில் தள்ள, எந்திரத்தின் திறன் எட்டு மடங்கு வேண்டும். போதாக்குறைக்கு, கப்பல் தன் முன்னால் தானே ஓர் அலையை எழுப்பிக்கொள்கிறது. வேகம் கூடக்கூட அந்த அலையும் பெரிதாகிறது. விமானத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அது பறக்கும் 10 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி, தரையில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

ஆனால் கப்பலுக்கு ஒரு பெரிய சலுகை உண்டு. அதன் எடையைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. ஆர்க்கிமிடீஸ் தத்துவம் நினைவிருக்கிறதல்லவா? மிதப்பதற்கென்று ஒரு சொட்டு எண்ணெய்கூடச் செலவில்லை. விமானமோ தன் எடையைத் தூக்கி நிறுத்தவே ஓயாமல் எரிபொருளை எரிக்க வேண்டும். அதனால்தான் அங்கே ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்க்கிறார்கள். ஆனாலும் கப்பல் எப்போதும் சிக்கனம் என்று எண்ணிவிடாதீர்கள். மூட்டைக்குப் படுக்கை வேண்டாம், பயணிக்கு வேண்டும். மூன்று நாளுக்குச் சமையல், குடிநீர், கழிப்பறை எல்லாவற்றையும் சுமந்துகொண்டுதான் பயணிகள் கப்பல் போகிறது.

கப்பல் தினமும் புறப்படுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் கிளம்பினால் பயணம் தள்ளிப்போகலாம். குறித்த நாளில் சேர வேண்டிய அக்காளுக்கு விமானமே சரி. தையல் எந்திரம் சரக்காகக் கப்பலில் வரட்டும் என்பது என் யோசனை.

விடுமுறையில் தம்பி கப்பலிலேயே போகலாம். தலைசுற்றினால் அறைக்குள் முடங்காமல், கப்பலின் நடுப்பகுதியில் நின்று தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். கண் சொல்வதும் உள்காது சொல்வதும் ஒத்துப்போனால் குமட்டல் குறையும். கையில் கடிகாரம் இருக்கட்டும். கிழக்கே போகப் போக, சூரியன் நாளுக்குச் சுமார் 20 நிமிடம் முன்னதாக உதிப்பதை அவனே குறித்துக்கொள்ளலாம்.