பால்கோவா ஏன் பழுப்பு? வெள்ளை ராஜபாளையம் நாய்க்கு ஏன் காது கேட்பதில்லை? அறிவியல் சொல்லும் பதில்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. பக்கத்து ஊரான ராஜபாளையம் என்றால் வெள்ளை வேட்டை நாய். இரண்டைப் பற்றியும் பலருக்கும் ஒரு சந்தேகம் உண்டு. வெள்ளைப் பாலில் செய்த இனிப்பு எப்படி பழுப்பாகிறது? வெள்ளை நாய்க்குக் காது கேட்காதுன்னு சொல்றாங்களே, அது நிஜமா?

இரண்டுமே நிறம் பற்றிய கேள்விகள். ஆனால், இரண்டாவது கேள்விக்கான பதில் நாய்க்குட்டி வாங்கப்போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது.

சர்க்கரை கருகுவதால்தான் பால்கோவா பழுப்பாகிறதா?

அது முக்கியக் காரணம் இல்லை. பசும்பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர். கிண்டக் கிண்ட அது ஆவியாகிவிட, பாலில் உள்ள புரதமும், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் நெருங்கி வருகின்றன. சூட்டில் இவை இரண்டும் வினைபுரிவதால்தான் பழுப்பு நிறமும் அந்த மணமும் வருகின்றன. 1912-ல் இதை விவரித்த பிரெஞ்சு விஞ்ஞானி மெயிலார்டின் பெயரால், இது ‘மெயிலார்டு வினை’ எனப்படுகிறது. முறுகல் தோசையின் நிறத்துக்கும் இதுவே காரணம்.

நாம் போடும் சர்க்கரை இந்த வினையில் நேரடியாகச் சேர்வதில்லை. இனிப்பு தருவதோடு, மிச்சமுள்ள தண்ணீரை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. கிருமிகள் வளரத் தேவையான ஈரம் கிடைக்காது. அரை நாளில் திரிந்துவிடும் பால், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவாக மாறியதும் சில நாட்கள் தாங்குவது இதனால்தான்.

வெள்ளை நாய்க்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

பால்கோவாவுக்கு நிறம் அடுப்பில் வருகிறது. நாய்க்கு அது தாய் வயிற்றிலேயே முடிவாகிவிடும். கருவில் உருவாகும் நிறமி செல்கள் தோலுக்கு மட்டுமல்ல, உட்செவிக்கும் போய்ச் சேருகின்றன. அங்கே காதுக்குள் இருக்கும் திரவத்தில் பொட்டாசியம் அளவு சரியாக இருக்க உதவுவது இந்த செல்கள்தான். அவை உட்செவிக்குப் போய்ச் சேராவிட்டால், ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் பிறந்த சில வாரங்களில் அழிந்துவிடும். பிறகு அவை திரும்ப வளராது.

இது ராஜபாளையம் நாய்க்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. நீலக் கண் கொண்ட பூனைகளுக்குக் காது கேட்பதில்லை என்று டார்வின் 1859-லேயே எழுதினார். அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட டால்மேஷன் நாய்களில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதாவது கேட்கவில்லை.

அதற்காக எல்லா வெள்ளை நாய்க்கும் காது கேட்காது என்று அர்த்தமில்லை. உட்செவியில் நிறமி செல்கள் இருந்தால், ரோமம் வெள்ளையாக இருந்தாலும் காது கேட்கும்.

குட்டி வாங்கும்போது எப்படித் தெரிந்துகொள்வது?

குட்டியைத் தனியாக விட்டு, அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். மற்ற குட்டிகளோடு இருக்கும்போது சோதித்தால், அவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும். தரையைத் தட்டினால் அதிர்வை உணர்ந்துகொள்ளும்.

ஆனால், ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படிக் கண்டுபிடிப்பது கடினம். அதற்கு ‘பேர்’ என்ற பரிசோதனை இருக்கிறது. ஒலி கேட்கும்போது மூளைத்தண்டில் எழும் மின் சமிக்ஞையை இது பதிவு செய்யும். குட்டிக்கு 5 வாரம் ஆன பிறகு செய்யலாம்.

காது கேட்காத நாயையும் கை சைகையால் பழக்க முடியும். ஆனால், வண்டிச் சத்தம் கேட்காது என்பதால் ரோட்டில் அவிழ்த்துவிடக் கூடாது. இனப்பெருக்கத்துக்கும் பயன்படுத்தக் கூடாது என்கிறார்கள் நிபுணர்கள். குறை குட்டிகளுக்கும் தொடரலாம்.

2005-ல் அஞ்சல் தலையில் இடம்பிடித்த பெருமைக்குரிய இனம் இது. குட்டி வாங்கப் போகிறவர்கள் “நல்ல வெள்ளையா இருக்கா?” என்பதோடு, “காது கேட்குதா?” என்றும் கேட்க ஆரம்பித்தால், வளர்ப்பவர்களும் அதைப் பார்த்து வளர்ப்பார்கள்.