படிப்பு நின்றுபோகக் கூடாது

2024 டிசம்பர் 23 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அவர் கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை, அவரைப் பற்றிய விவரங்களோடு வெளியே கசிந்தது. டிசம்பர் 28-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், வி. லட்சுமிநாராயணன் அமர்வு உத்தரவு பிறப்பித்தது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழு, கசிவுக்காக அரசு தர வேண்டிய 25 லட்ச ரூபாய் இடைக்கால இழப்பீடு என்ற இரண்டும் செய்தியாயின. அதே உத்தரவில் இன்னொன்றும் இருந்தது. அந்த மாணவி படிப்பை முடிக்கும்வரை பல்கலைக்கழகம் அவரிடம் எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது, மனநல ஆலோசனையும் தர வேண்டும். குற்றவாளிக்கு 2025 ஜூன் 2 அன்று தண்டனை வந்தது: ஆயுள் சிறை, அதில் 30 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பு கிடையாது. தண்டனை வர வேண்டியதுதான். ஆனால் ஒரு பெண் மீண்டு எழ, படிப்பைப் பற்றிய அந்த வரிகளே அதிகம் உதவும் என்று நம்புகிறேன்.

ஏனென்றால் குமரி மாவட்டத்தில் இப்படி ஒன்று நடந்தால் வீட்டில் முதலில் எழும் பேச்சு இதுதான்: "படிச்சது போதும் மக்களே, வெளிய தெரிஞ்சா நாம ஊர்ல தலகாட்ட முடியாது." அம்மா பாசத்தில்தான் சொல்கிறாள். விளைவோ வேறு. தப்பு செய்தவன் வழக்கம்போல வடசேரியில் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறான். பாதிக்கப்பட்டவர் தோழிகளையும் பட்டத்தையும் நாளைக்குக் கிடைக்க வேண்டிய வேலையையும் சேர்த்து இழக்கிறார்.

இதைத் தடுக்க நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. பாலியல் துன்புறுத்தல் பற்றிய பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியானாலும் தெ.தி. இந்துக் கல்லூரியானாலும் கோணம் பொறியியல் கல்லூரியானாலும் அவை பொருந்தும். ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். மூத்த பேராசிரியை ஒருவர் தலைவர். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். வெளியிலிருந்து ஒருவர். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவர்கள் தேர்ந்தெடுத்த மூன்று மாணவப் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும்.

விசாரணை நடக்கும் அந்த 90 நாளும் அந்த மாணவி எப்படி வகுப்பில் உட்காருவார்? இதற்கும் விதியில் பதில் இருக்கிறது, பல கல்லூரிகளில் இது தெரிவதில்லை. வருகைப்பதிவில் தளர்வு கேட்கலாம். மூன்று மாதம் வரை விடுப்பு கேட்கலாம். வேறு பிரிவுக்கோ வேறு வழிகாட்டியிடமோ மாறலாம், அல்லது எதிர்த்தரப்பை மாற்றச் சொல்லலாம். அவன் பக்கத்தில் வரக் கூடாது என்று எச்சரிக்க வேண்டும். புகாருக்கு ஆளானவர் ஆசிரியர் என்றால் அந்த மாணவியின் விடைத்தாளையோ செய்முறைத் தேர்வையோ அவர் மதிப்பிடக் கூடாது. இன்டர்னல் மார்க் யார் கையில் இருக்கிறது என்ற பயத்தில்தான் எத்தனையோ பேர் வாய் திறப்பதில்லை. 2023 அக்டோபரில் குலசேகரத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியின் முதுகலை மாணவி உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் எழுதிவைத்த கடிதத்தில் பேராசிரியர் மீது பாலியல் புகார் இருந்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. குற்றச்சாட்டைப் பற்றி முடிவு சொல்ல வேண்டியது நீதிமன்றம். தனக்கு மதிப்பெண் போடுபவரைப் பற்றிப் பயமில்லாமல் போய்ச் சொல்ல ஓர் இடம் இருப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று நம் மாவட்டத்துக்கு வேண்டாம்.

உடலில் வன்முறை நடந்திருந்தால் குழுவுக்கு முன்னால் மருத்துவமனை. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மட்டுமல்ல, தனியார் மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும். மறுத்தால் அது தண்டனைக்குரிய குற்றம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தையும் அவசரக் கருத்தடை மாத்திரையையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. குளிக்காமல் போவது நல்லது. ஆனால் குளித்துவிட்டாலும், நேரம் கடந்திருந்தாலும் போகத்தான் வேண்டும். அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதத்தில் பொதிந்து எடுத்துப் போங்கள். பாலித்தீன் கவரில் போட்டால் ஈரம் தேங்கித் தடயம் கெட்டுப்போகும். போனில் வந்த மெசேஜ், மிரட்டல், படம் எதையும் அழிக்க வேண்டாம். பரிசோதனைக்கு அந்தப் பெண்ணின் சம்மதம் வேண்டும். இரு விரல் சோதனை செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் மீண்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. மருத்துவமனை போலீசுக்குத் தகவல் தர வேண்டும் என்பது சட்டம். அதற்காகப் புகார் எழுதிக் கொடுத்தால்தான் சிகிச்சை என்று யாரும் சொல்ல முடியாது. சம்பவம் வேறு ஊரில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

மனம் ஆறுவதற்கு இப்படிக் கால அட்டவணை கிடையாது. பின்னால் ஒரு பைக் மெதுவாக வந்தால் உடம்பு விறைக்கும். புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரி மனதில் ஏறாது. நடந்ததைச் சொல்லும்போது முன்பின் மாறும், ஒரு பகுதி மறந்தே போயிருக்கும். பேரதிர்ச்சியில் மூளை அப்படித்தான் பதிவு செய்யும். அதை வைத்துப் "பொய் சொல்கிறாள்" என்று முடிவுகட்டாதீர்கள். "நீ ஏன் கத்தல?" என்ற கேள்வியும் வேண்டாம். பயத்தில் உடல் உறைந்துபோவது அவர் கையில் இல்லை. தோழி ஒருத்தி செய்யக்கூடியது எளிமையானது: நம்புவது, சொன்னதை வேறு யாரிடமும் சொல்லாமல் இருப்பது, முடிவை அவரிடமே விடுவது, மருத்துவமனைக்கும் குழு முன்பும் கூடப் போவது, விட்டுப்போன வகுப்பின் நோட்ஸ் எழுதித் தருவது. தமிழ்நாடு அரசின் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். பெண்கள் உதவி எண் 181. உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். அப்போது ரகசியம் காப்பதைவிட உடனே உதவிக்கு ஆள் அழைப்பது முக்கியம்.

பெயர் வெளியே போவது இரண்டாவது காயம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு, வாட்ஸ்அப்பில் போடுவதும் இதில் சேரும். 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கிலும் பெயர் வெளியானதற்காகப் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு 25 லட்ச ரூபாய் தரும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

முதலாண்டு மாணவிகளில் பலருக்கு 17 வயதுதான் ஆகியிருக்கும். அவர்களுக்குச் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பொருந்தும். கல்லூரிக்குத் தெரிந்த உடனே போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், "உள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்பதற்கு இடமில்லை.

அட்மிஷனுக்குப் போகும்போது ஹாஸ்டல் ஃபீஸ் எவ்வளவு, பஸ் எத்தனை மணிக்கு என்றெல்லாம் விசாரிக்கிறோம். கூடவே இதையும் கேளுங்கள்: உள் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், அந்தப் பட்டியலைப் பிள்ளைகள் பார்க்கும்படி எங்கே ஒட்டியிருக்கிறீர்கள், மாணவப் பிரதிநிதிகள் மூவரையும் எப்போது தேர்ந்தெடுத்தீர்கள்?