சுற்றைக் கண்காணிக்கும் சுற்று

கணிப்பொறியில் ஒரு நிரல் மெதுவாக ஓடுகிறது. எந்தப் பகுதியில் தாமதம் என்று எப்படி அறிவது? நிரலின் நடுவே, நேரத்தைக் குறித்துக்கொள்ளும் சில கட்டளைகளைச் சேர்க்கலாம். ஆனால் அவற்றை நிறைவேற்றவும் நேரம் ஆகுமே! சிறு கிண்ணத்து வெந்நீரில் வைத்த வெப்பமானி, தானே சிறிது வெப்பத்தை எடுத்துக்கொள்வது போலத்தான்.

எஃப்.பி.ஜி.ஏ. என்னும் சில்லில் நிலைமை வேறு. 1985-இல் அமெரிக்காவின் சைலிங்ஸ் நிறுவனம் கொண்டுவந்த முதல் சில்லில் 64 தர்க்கக் கட்டங்கள் இருந்தன. கட்டங்களின் வேலையையும் அவற்றிடையே உள்ள இணைப்புகளையும், சிலேட்டில் எழுதி அழிப்பதுபோல் விரும்பியபடி மாற்றலாம். இங்கே நிரலே மின்சுற்றாகி விடுகிறது. ஆகவே கண்காணிக்கவும் பக்கத்தில் ஒரு சுற்றையே அமைக்க வேண்டும்.

பெரும்பாலும் அது ஓர் எண்ணி. கடிகாரத் துடிப்புகளை எண்ணுவது. ஒரு பகுதி வேலை செய்யும் துடிப்புகளை ஓர் எண்ணியும், தரவுக்காகக் காத்திருக்கும் துடிப்புகளை மற்றோர் எண்ணியும் எண்ணுகின்றன என்று கொள்ளுங்கள். நூற்றில் எழுபது காத்திருப்பிலேயே கழிந்தால், அப்பகுதியை விரைவாக்கிப் பயனில்லை. தரவு வரும் வழியைத்தான் சீராக்க வேண்டும்.

எண்ணி தனிச் சுற்று என்பதால் மற்றதன் நேரத்தில் ஒரு துடிப்பைக்கூடத் திருடாது. இடத்தைத்தான் கேட்கும். சில்லில் நெருக்கடி மிகுந்தால் இணைப்புகள் சுற்றுவழியில் செல்ல நேரும். அப்போது துடிப்பின் வேகத்தையே குறைக்க வேண்டி வரலாம். எண்ணியும் நிரம்பிவிடும். நொடிக்கு 20 கோடித் துடிப்பு என்றால், 32 பிட் எண்ணி சுமார் 21 நொடிகளில் சுழியத்துக்குத் திரும்பும். கணக்கிட்டுப் பாருங்கள்! அதற்குள் அதைப் படித்துவிட வேண்டும்.

எண்ணி 'எவ்வளவு' என்று சொல்லும். 'என்ன நடந்தது' என்று சொல்லாது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம், பிங் தேடல் முடிவுகளை வரிசைப்படுத்த 1,632 கணிப்பொறிகளில் இத்தகைய சில்லுகளைப் பொருத்திச் சோதித்ததை 2014-இல் வெளியிட்டது. ஒற்றைச் சில்லில் தலைகாட்டாத கோளாறுகள், எட்டுச் சில்லுகள் தொடராக இயங்கும்போது எப்போதாவது எழுந்தன. ஆகவே விமானத்தின் கருப்புப் பெட்டி போன்ற ஒரு பதிவுச் சுற்றை ஒவ்வொரு சில்லிலும் வைத்தார்கள். அது கடைசி 512 நிகழ்ச்சிகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, பழையவற்றின் மேலேயே புதியவற்றை எழுதும். சில்லுகள் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து எல்லாமே நின்றுபோகும் அரிய முட்டுக்கட்டைகளை, அந்தச் சிறு பதிவைக் கொண்டே கண்டுபிடித்தார்கள்.